எழுத்தில் வரும் பதில்

மக்களவை உறுப்பினர் ஒருவரிடம் டெல்லியில் உதவியாளராக வேலை பார்த்தவள் நான். எம்.பி. என்றால் சபையில் எழுந்து முழங்குகிறவர் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள், அந்த வீடியோதான் வாட்ஸ்அப்பில் சுற்றும், அதுவும் தேவைதான். ஆனால் சுகாதாரம், தூய்மைப் பணியாளர் பிரச்சினை மாதிரி விஷயங்களில் ஏதாவது உருப்படியாக நகர்ந்ததென்றால், அது பெரும்பாலும் யாரும் கவனிக்காத எழுத்துக் கேள்விகளால்தான் என்பதைக் கிட்ட இருந்தே பார்த்தேன்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். எவருடையது பட்டியலில் ஏறும் என்பது குலுக்கலில்தான் முடிவாகும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம், ஆனால் இருப்பது ஒரே ஒரு மணி நேரம், ஐந்தாறு கேள்வி தாண்டினாலே பெரிது, அமளி வந்தால் அதுவும் போச்சு. மற்ற 230-க்கும் எழுத்தில் பதில் வரும். அந்தப் பதில் அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி, அதிலிருந்து எளிதில் பின்வாங்க முடியாது.

எங்கள் தொகுதியில் ஒருவர் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய இறங்கி விஷவாயு தாக்கி இறந்துபோனார். அவருடைய மனைவி எஃப்.ஐ.ஆர். நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தொகுதி அலுவலகத்துக்கு வந்தார். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது (2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது, இது அதற்கு முந்தைய கதை). அந்த அம்மாவுக்கு அது தெரியாது. வேலைக்குக் கூப்பிட்டவர் கொடுத்த கொஞ்சப் பணத்தோடு விஷயம் முடிந்தது என்றே எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இதைக் கேள்வியாக்கலாம் என்று முடிவானதும் தன்னார்வலர் ஒருவர் ஒரு வரைவு அனுப்பினார்: "கையால் மலம் அள்ளும் வேலையில் எத்தனை பேர் இறந்தார்கள்?" எங்கள் எம்.பி. சார் படித்துவிட்டுப் பேனாவால் குறுக்கே கோடு போட்டார். "இப்படிக் கேட்டா ஒருத்தர்கூட சாகலன்னுதான் பதில் வரும்மா" என்றார். வந்தும் இருக்கிறது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை என்றே பதில் தரப்பட்டது. 2013 சட்டம் கையால் மலம் அள்ளுவதை ஒரு வகையாகவும், சாக்கடையிலும் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் இறக்குவதை வேறொரு வகையாகவும் பிரித்து வைத்திருக்கிறது, அந்த இடைவெளியில் மனிதர்களின் சாவே காணாமல் போய்விடுகிறது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் கோபம் வரும்.

அப்புறம் கேள்வியைப் பிரித்து எழுதினோம். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் மாநில வாரியாக, ஆண்டு வாரியாக இறந்தவர்கள் எத்தனை பேர். எத்தனை குடும்பங்களுக்கு முழு 10 லட்சம் போய்ச் சேர்ந்தது. சட்டத்தின் கீழ் எத்தனை வழக்குகள், எத்தனை பேருக்குத் தண்டனை. பதிலோடு இணைப்பாக அட்டவணை வந்தது. தண்டனை பற்றிய பகுதிக்கு மட்டும் "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்றிருந்தது. இந்த ஒரு வரியைப் பார்த்ததும் சாருக்கு முகமே மலர்ந்துவிட்டது, ஏனென்றால் அப்படிச் சொன்னால் அது அமைச்சர் அவைக்குக் கொடுத்த உறுதிமொழிக் கணக்கில் சேரும், மூன்று மாதத்தில் நிறைவேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் இவற்றைக் கண்காணிக்கும் எம்.பி.க்களின் உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைக் கேட்கும். அட்டவணையின் நகலை எஃப்.ஐ.ஆரோடு இணைத்து ஆட்சியருக்குக் கடிதம் போனது. தூங்கிக்கொண்டிருந்த கோப்பு அதன் பிறகுதான் மேஜைக்கு வந்தது, பணம் வர இன்னும் பல மாதங்கள் ஆயின.

மருத்துவமனை விஷயங்கள் இன்னும் சிக்கல். பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் பொறுப்பில் இருப்பதால், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை என்று நேராகக் கேட்டால் கேள்வியே ஏற்கப்படாமல் போகலாம், ஏற்றாலும் "சுகாதாரம் மாநிலப் பொருள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் தேசிய சுகாதார இயக்கத்தில் அந்த மாநிலத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு என்று கேட்போம். பணம் மத்திய அரசுடையது, தட்டிக் கழிக்க முடியாது.

இல்லை என்று வரும் பதிலையும் லேசாக நினைக்கக் கூடாது. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும்போது இறந்த தொழிலாளர்கள் பற்றி 2020 செப்டம்பரில் மக்களவையில் கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது அரசு. நாட்டையே உலுக்கியது அந்த ஒற்றை வரிதான்.

உங்கள் எம்.பி.க்கு எழுதுகிறீர்களா? சம்பவம் நடந்த இடம், தேதி, எஃப்.ஐ.ஆர். எண், எந்த அலுவலகத்தில் மனு நிற்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆகவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு அனுப்பினால் பெரும்பாலும் அடுத்த தொடருக்குத்தான் போகும்.