நான்காவது வெளிநாட்டவர்

சென்ற வாரம் மூன்று இரவுகளாக ஒரே கால்பந்து ஆட்டத்தின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1994 மே 18 அன்று ஏதென்ஸில் பார்சிலோனாவும் ஏ.சி. மிலானும் மோதிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் அது. மிலான் நான்கு கோல் அடித்தது. பார்சிலோனா ஒன்றும் அடிக்கவில்லை. மஸ்ஸாரோவின் இரண்டு கோல்களையும், சாவிசெவிச் கோல்காப்பாளரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட மூன்றாவது கோலையும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். நான் தேடியதோ அன்று களத்தில் இல்லாத ஒருவரை. டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கேல் லௌட்ரூப் அந்தப் பருவம் முழுவதும் பார்சிலோனாவின் வீரர். உடல்நலக் குறைவோ தடையோ இல்லாமலே அந்த இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை. எதிரணியான மிலானின் பட்டியலில் அவ்வாண்டு அவருடைய தம்பி பிரையன் லௌட்ரூப் இருந்தார், அவரும் ஆடவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், ஐரோப்பாவின் இரண்டு தலைசிறந்த அணிகளில் இருந்தும், ஒரே இறுதியாட்டத்தை வெளியிலிருந்து பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு விதி: களத்தில் மூன்று வெளிநாட்டவருக்கு மேல் இருக்கக் கூடாது.

லௌட்ரூப்பின் கிளப் வாழ்க்கையைக் கோப்பைகளின் வரிசையாகச் சொல்வதுதான் வழக்கம். அவ்வரிசை நீளமானது, பெருமைக்குரியது. ஆனால் அவர் எந்த ஆண்டில் எந்த ஊருக்குப் போனார், ஏன் போனார் என்பதை இந்த வெளிநாட்டவர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால்தான் முழுதாக விளங்குகிறது என்பது என் எண்ணம்.

அவர் 1964 ஜூன் 15 அன்று கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடெரிக்ஸ்பெர்கில் பிறந்தார். தந்தை ஃபின் லௌட்ரூப்பும் டென்மார்க் தேசிய அணிக்கு ஆடியவர். பிழைப்புக்காக வியன்னா சென்று ஆடியவர். பிரையன் பிறந்ததே அந்த வியன்னாவில்தான். வெளிநாட்டு ஆட்டக்காரனின் வாழ்வு எப்படியிருக்கும் என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மைக்கேல் 1981-இல் கே.பி. கிளப்பில் முதல் நிலை ஆட்டத்தைத் தொடங்கி, மறு ஆண்டே டென்மார்க்கின் முதல் பிரிவுக்குப் புதிதாக ஏறியிருந்த ப்ரோன்ட்பி கிளப்புக்கு வந்து, அவ்வாண்டின் சிறந்த டேனிஷ் ஆட்டக்காரராகத் தேர்வானார். தமது பதினெட்டாவது பிறந்த நாளில் நார்வேக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமாகி, அந்த ஆட்டத்திலேயே ஒரு கோலும் அடித்தார்.

பதினெட்டு வயதில் இப்படி ஆடுபவரை ஐரோப்பா விட்டுவைக்குமா? 1983-இல் லிவர்பூலுடன் பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மூன்றாண்டு ஒப்பந்தம் என்று பேசியதை அந்த கிளப் நான்காண்டாக மாற்றிக் கேட்டபோது, பேசிய பேச்சை மாற்றுபவர்களிடம் போக வேண்டாம் என்று அவர் விலகிக்கொண்டார். அடுத்து வந்தது இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த யுவென்டஸ். இங்கேதான் அந்தக் கணக்கு முதன்முதலாகக் குறுக்கிடுகிறது. 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் தோற்ற அவமானத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்திருந்த இத்தாலி, 1980-இல்தான் கிளப்புக்கு ஒருவர் என்று அதைத் திறந்தது. 1982-இல் இருவர் என்று ஆக்கியது. யுவென்டஸின் இரண்டு இடங்களில் பிரான்சின் மிஷெல் பிளாட்டினியும் போலந்தின் போனியெக்கும் இருந்தார்கள். ஆகவே லௌட்ரூப்பை வாங்கிய யுவென்டஸ் அவரைத் தன் சட்டையை அணியவிடாமலே ரோமின் லாசியோவுக்குக் கடனாக அனுப்பியது.

லாசியோ அப்போதுதான் இரண்டாம் பிரிவிலிருந்து மீண்டும் மேலேறியிருந்த அணி. உலகின் மிகக் கடுமையான தற்காப்பு ஆட்டம் ஆடப்பட்ட லீக்கில், வாரந்தோறும் தோல்வியை எதிர்நோக்கும் ஓர் அணியின் முன்கள வீரராக அவர் இரண்டு பருவங்களைக் கழித்தார். முதல் பருவத்தில் மயிரிழையில் தப்பிய லாசியோ, 1985-இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. தம் ஆட்டத்தை வளர்த்துக்கொள்ள வேண்டிய பத்தொன்பது, இருபது வயதில் ஓர் ஆட்டக்காரருக்கு இது நல்லதா கெட்டதா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். நெருக்கடியில் பந்தைக் காக்கும் பழக்கம் அங்கேதான் படிந்தது என்று சொல்வாருண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வயதில் அவருக்குத் தேவைப்பட்டது, தாம் கொடுக்கும் பாஸின் பொருளை உணர்ந்து ஓடக்கூடிய சக ஆட்டக்காரர்கள். அவர்கள் டூரினில் இருந்தார்கள், ரோமில் இல்லை.

1985-இல் போனியெக் ரோமா கிளப்புக்குப் போனதும் ஓர் இடம் காலியாகி, லௌட்ரூப் ஒருவழியாக யுவென்டஸுக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் அணிக்கு எதிராக நடந்த, ஐரோப்பாவின் வெற்றியாளரும் தென்னமெரிக்காவின் வெற்றியாளரும் மோதிய கண்டங்களிடைக் கோப்பை ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் அவசியம் பாருங்கள். யுவென்டஸ் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது, ஆட்டம் முடியும் தறுவாய். பிளாட்டினியின் பாஸ் தற்காப்பைப் பிளந்துகொண்டு வருகிறது. முன்னேறி வந்த கோல்காப்பாளரை லௌட்ரூப் சுற்றிக்கொண்டு போகிறார். தரை வழுக்குகிறது, கால் தடுமாறுகிறது, பந்தோ எல்லைக் கோட்டை நோக்கி உருண்டுகொண்டே இருக்கிறது. கோல் வாய் கண்ணுக்கே தெரியாத அந்தக் கோணத்திலிருந்து, விழுந்துகொண்டே, பந்தை உள்ளே தள்ளிவிடுகிறார். ஆட்டம் 2-2 எனச் சமனாகிப் பெனால்டிகளுக்குப் போனது. அதில் அவர் உதைத்த பெனால்டி கோலாகவில்லை என்றாலும் யுவென்டஸ் 4-2 என வென்றது. அந்தப் பருவத்தின் இத்தாலிய லீக் பட்டமும் யுவென்டஸுக்கே.

அதன் பிறகு டூரினில் அவருக்கு ஏறுமுகம் இல்லை. 1987-இல் பிளாட்டினி ஓய்வு பெற்றார்; அந்த இடத்துக்கு வந்த இயன் ரஷ் இத்தாலியில் ஒட்டாமல் ஓராண்டில் திரும்பினார். பிளாட்டினி விட்டுச்சென்ற சுமை முழுவதையும் லௌட்ரூப் தூக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அப்படிப்பட்ட ஆட்டக்காரர் அல்லர். அணியைத் தோளில் சுமப்பது ஒரு திறமை. ஓர் அணியின் ஓட்டத்துக்குள் நுழைந்து அதன் வேகத்தையே மாற்றுவது வேறொரு திறமை. இரண்டாவதுதான் அவருடையது. இதைப் புரிந்துகொண்டவர் பார்சிலோனாவின் பயிற்சியாளர் ஜோஹன் க்ரைஃப்.

1989-இல் லௌட்ரூப் பார்சிலோனாவுக்குப் போனார். அதே கோடையில் நெதர்லாந்தின் ரொனால்ட் கூமன் வந்தார்; மறு ஆண்டு பல்கேரியாவின் ஸ்டோய்ச்கோவ் வந்தார். மூன்று வெளிநாட்டவர், மூன்று இடங்கள். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் இந்தப் பொருத்தம் எவ்வளவு முக்கியமென்று தெரியும். பார்சிலோனா 1990-91 முதல் தொடர்ந்து நான்கு முறை ஸ்பானிய லீக்கை வென்றது. 1992 மே 20 அன்று வெம்ப்ளியில் சம்ப்டோரியாவைக் கூடுதல் நேரத்தில் கூமன் அடித்த ஃப்ரீ கிக்கால் 1-0 என வென்று, பின்னர் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய ஐரோப்பியக் கோப்பையைத் தன் வரலாற்றில் முதன்முறையாகத் தூக்கியது. அன்று மூவரும் ஆரஞ்சு நிறச் சட்டையில் களத்தில் இருந்தார்கள்.

அந்த ஆண்டுகளின் லௌட்ரூப்பை எண்களால் சொல்ல முடியாது. லீக்கில் 167 ஆட்டங்கள், 40 கோல்கள் என்பது ஒரு நல்ல முன்கள வீரரின் கணக்காகவே தோன்றும். பதிவுகளில்தான் மற்றது தெரிகிறது. முன்கள வரிசையிலிருந்து சற்றே இறங்கி, எதிரணியின் நடுத் தற்காப்பாளர் பின்தொடர்வதா நிற்பதா என்று தயங்கும் இடத்தில் அவர் பந்தை வாங்குவார். உடலும் முகமும் வலப்பக்கம் திரும்பியிருக்கும். தற்காப்பாளர் அந்த முகத்தை நம்பி வலப்பக்கம் ஓரடி வைப்பார். அந்த நொடியில் பந்து பாதத்தின் ஓரத்திலிருந்து இடப்பக்கம் போயிருக்கும். பார்க்காமல் கொடுக்கும் பாஸ் என்று அதைச் சொல்கிறார்கள். உண்மையில் பந்து வருவதற்கு முன்பே அவர் பார்த்து முடித்திருப்பார் என்பது பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒசாசுனாவுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், பந்தின் அடியில் நுனிக்காலை நுழைத்துத் தற்காப்பு வரிசை முழுவதன் தலைக்கு மேலாகவும் அதைத் தூக்கி, ஓடிவரும் ரொமாரியோவின் முன்னே இறக்கிவைப்பார். ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பந்தை இழுத்து இருவருக்கு நடுவே நழுவிச்செல்லும் அவருடைய உத்திக்கு ஸ்பெயினில் க்ரோக்கெட்டா என்று பெயர். பிற்காலத்தில் பார்சிலோனாவின் இனியெஸ்டாவின் காலில் அதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

நான் இப்போது பெயர் சொன்ன பிரேசிலின் ரொமாரியோ 1993 கோடையில் வந்தார். அன்றோடு பார்சிலோனாவில் வெளிநாட்டவர் நால்வர், களத்தில் இடமோ மூன்று. ரொமாரியோ அந்த லீக் பருவத்தில் 30 கோல் அடித்தார். அவரை வெளியே வைக்க எவருக்கும் மனம் வராது. கூமன் தற்காப்பின் நடுவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். ஸ்டோய்ச்கோவ் விட்டுக்கொடுக்கும் சுபாவம் உடையவர் அல்லர். எஞ்சியவர் லௌட்ரூப். வாராவாரம் நால்வரில் ஒருவர் வெளியே உட்கார வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல அந்த ஒருவர் பெரும்பாலும் அவரே என்றானது. க்ரைஃபுடனான உறவும் கசந்தது. 1994 ஜனவரி 8 அன்று ரியல் மாட்ரிட்டை 5-0 என வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தில்கூட அவர் மாற்று ஆட்டக்காரராகவே உள்ளே வந்தார்.

ஆகவே ஏதென்ஸில் நடந்தது எதிர்பாராத முடிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன். பரேசியும் கொஸ்டகுர்டாவும் தடையால் ஆட முடியாத அன்று, மிலானின் தற்காப்பு தன் வழக்கமான நடுப்பகுதி இல்லாமல் நின்றது. அந்தத் தற்காப்பை முன்னும் பின்னும் இழுத்துக் குழப்பக்கூடியவர் பார்சிலோனாவில் ஒருவர்தான் இருந்தார். தாம் அஞ்சியது லௌட்ரூப்பை நினைத்துத்தான் என்று மிலானின் பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோவே பின்னர் சொல்லியிருக்கிறார். பதிவில் பார்சிலோனாவின் தாக்குதல்கள் ஒவ்வொன்றும் நடுக்களத்தைத் தாண்டியதும் தடுமாறுகின்றன. ரொமாரியோ பந்துக்காகக் கையை உயர்த்திக்கொண்டே இருக்கிறார், பந்து வரவில்லை.

ஒப்பந்தம் முடிந்த அந்தக் கோடையில் லௌட்ரூப் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். பார்சிலோனா ரசிகர்களுக்கு இது மன்னிக்க முடியாத செயல். பிறகு பார்சிலோனாவின் மைதானமான காம்ப் நூவுக்கு அவர் வந்தபோது விசில் சத்தம் காதைத் துளைத்தது. எனக்கு அதில் துரோகம் தெரியவில்லை. இடமில்லை என்று ஓராண்டு முழுக்கச் சொல்லப்பட்டவர், இடம் உண்டு என்று அழைத்தவரிடம் போனார். மாட்ரிட்டில் பயிற்சியாளர் வால்டானோவின் அணியில் சிலியைச் சேர்ந்த ஸமொரானோவுக்குப் பந்தை ஊட்டுபவராக ஆனார். ஸமொரானோ அந்தப் பருவத்தின் லீக்கில் அதிகக் கோல் அடித்தவராக முடித்தார். 1995 ஜனவரி 7 அன்று மாட்ரிட் பார்சிலோனாவை 5-0 என வென்றது. முந்தைய 5-0-க்கு ஓராண்டு முடிய ஒரு நாள் மீதமிருந்தது; இரண்டிலும் வென்ற பக்கத்தில் ஆடியவர் லௌட்ரூப். அந்த லீக் பட்டத்துடன் அவருக்கு இரண்டு கிளப்புகளில் தொடர்ந்து ஐந்து ஸ்பானியப் பட்டங்கள்.

1995 டிசம்பர் 15 அன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த பொஸ்மான் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்களை வெளிநாட்டவர் என்று எண்ணி வரம்பு கட்டுவது செல்லாது என்பது அதன் ஒரு பகுதி. டென்மார்க் 1973 முதலே அந்தக் கூட்டமைப்பில் இருந்த நாடு. தீர்ப்பு வந்தபோது லௌட்ரூப்புக்கு வயது முப்பத்தொன்று. அடுத்த கோடையில் அவர் ஐரோப்பாவை விட்டே விலகி, நிலநடுக்கத்தில் சிதைந்து மீண்டுகொண்டிருந்த கோபே நகரின் விஸ்ஸல் கிளப்புக்குப் போய், அது ஜப்பானின் முதல் பிரிவுக்கு ஏற உதவினார்.

1997-இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அவரை அழைத்தது. பயிற்சியாளர் மோர்டன் ஓல்சன், அவருடைய நாட்டுக்காரர். தேசிய அணியில் அவருடைய முன்னாள் தலைவர். அந்த அணியில் ஃபின்லாந்தின் லிட்மனன் இருந்தார், ஜார்ஜியாவின் அர்வெலாட்சே இருந்தார், நைஜீரியாவின் பாபங்கிடாவும் ஒலிசேவும் இருந்தார்கள், டென்மார்க்கிலிருந்து இன்னொருவராகத் தோபியாசனும் இருந்தார். லீக், கோப்பை இரண்டையும் அயாக்ஸ் அந்தப் பருவத்தில் வென்றது. முப்பத்து மூன்று வயதில் வேகம் குறைந்திருந்த லௌட்ரூப் நடுக்களத்தில் நின்று, முகத்தை ஒரு பக்கம் திருப்பி மறுபக்கம் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார். டென்மார்க் குடிமகனான அவருடைய கடவுச்சீட்டைக் கொண்டு இடக்கணக்குப் போட அங்கே யாருக்கும் தேவையிருக்கவில்லை.