மேடு ரெண்டு, இடைவெளி எத்தனை?

மார்ச் 3, காலாப்பட்டு

வெளியூர் ஆய்வகத்திலிருந்து டேட்டா வந்துவிட்டது. இரும்பு செலினைடு படிகம், கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்தி. 4.2 கெல்வினில் எடுத்தது. வோல்ட்டேஜை மாற்றும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் வளைவு. பூஜ்ய வோல்ட்டில் பள்ளம், இருபுறமும் மேடு. தனி எலக்ட்ரான்களுக்கு இடமில்லாத ஆற்றல் இடைவெளிதான் (கேப்) அந்தப் பள்ளம், மேடு நிற்கும் இடம் அதன் அளவு. 1960-ல் இயற்பியலாளர் கியாவர் அலுமினியத்துக்கும் ஈயத்துக்கும் நடுவே மெல்லிய ஆக்சைடு படலம் வைத்துப் பார்த்த அதே பள்ளம்தான். இங்கே படலத்துக்குப் பதில் வெற்றிடம், எதிரே டங்ஸ்டன் நுனி. எலக்ட்ரான்கள் அந்தத் தடையைத் தாண்டிப் பாய்வதுதான் டன்னலிங். நுனி 0.1 நானோமீட்டர் விலகினாலே மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படிப்பட்ட தூரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு வோல்ட்டேஜை மட்டும் மாற்றி அளக்கிறார்கள். நினைத்தாலே மலைப்பு.

மார்ச் 4

ஜூனியர் பையன் திரையைக் காட்டினான். "அக்கா, மேடு ரெண்டா பிரிஞ்சிருக்கு. ரெண்டு கேப்புன்னு எழுதிடலாமா?"

ஆசை எனக்கும்தான். இரும்பு வகை மீக்கடத்திகளில் பல ஆற்றல் பட்டைகள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்புகள்) பங்கெடுப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பது இயல்பு. இரும்பு செலினைடுக்கே 2.5, 3.5 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று 2014-ல் வெளியானது. ஆனால் அது 0.4 கெல்வினில் எடுத்தது. 4.2-ல் சாதாரண உலோக நுனி என்றால் வெப்பத்தால் வரும் கலங்கலே சுமார் 1.3 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இ.சி.ஆரில் உப்புக்காற்று படிந்த கண்ணாடி வழியே எதிர் வண்டியின் ரெண்டு ஹெட்லைட்டும் ஒன்றாகத் தெரியுமே, அந்த மாதிரி ஒரு மில்லி வித்தியாசம் இதில் கரைந்துதான் போக வேண்டும். நம் வளைவில் மேட்டின் அகலம் 0.5 கூட இல்லை. இவ்வளவு கூர்மை எங்கிருந்து வந்தது? வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 5

ஃபிட்டிங், அதாவது சூத்திரம் தரும் கோட்டை டேட்டாவோடு பொருத்திப் பார்ப்பது. ரெண்டு இடைவெளி, மேட்டை அகலமாக்கும் ரெண்டு காமா, ரெண்டும் கலக்கும் ஒரு பங்குவீதம். இத்தனை திருகு இருந்தால் எந்தக் கோட்டையும் பொருத்திவிடலாம். மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 8, கடலூர் முதுநகர்

அப்பா போட் இன்ஜின் மெக்கானிக். சாப்பிடும்போது கேட்டார்: "இரும்புங்கிற. அது காந்தமாச்சே, மீக்கடத்திக்கு ஆகாதுன்னு நீதானேம்மா சொன்ன?"

சரியான கேள்வி. 2008-ல் ஹொசோனோ குழு இரும்பு ஆர்சனைடில் 26 கெல்வினைக் காட்டியபோது உலகமே அதைத்தான் கேட்டது. மீக்கடத்தலுக்கு எலக்ட்ரான்கள் ஜோடி சேர வேண்டும். இரும்பின் காந்த ஏற்ற இறக்கமே அவற்றை ஜோடி சேர்க்கலாம், அப்படியானால் ஒரு பட்டையில் இடைவெளியின் குறி கூட்டல், இன்னொன்றில் கழித்தல் என்று அதே ஆண்டு மாசின் குழு சொன்னது. வம்பு என்னவென்றால், சாதாரண டன்னலிங் வளைவில் அளவுதான் தெரியும், குறி தெரியாது. 2010-ல் ஹனாகுரி குழு காந்தப்புலம் கொடுத்து, எலக்ட்ரான் அலைகள் குறுக்கிடும் கோலம் எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் அதைத் தொட்டது.

"அப்ப உன் கோடு பாதிக் கதைதான்" என்றார் அப்பா, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

மார்ச் 10, காலாப்பட்டு

டேட்டா எடுத்த ஆய்வகத்தின் லாக் புக்கை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருந்தேன். நடுப்பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: 'நுனி தட்டியது, தொடர்ந்தோம்'. கூர்மையான வளைவுகள் எல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை. படிகத் துணுக்கு நுனியில் ஒட்டிக்கொண்டால் நுனியே மீக்கடத்தி ஆகிவிடும். கூர்மையும் கூடும், மேடும் ரெண்டு பக்க இடைவெளிகளின் கூட்டுத்தொகைக்குத் தள்ளிப்போகும். நம் மேடு 4.5-ல் நின்றதற்கும் அது பொருந்துகிறது.

அதே நுனியைத் தங்கத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லி சாரிடம் பேசினேன். தங்கத்தில் இடைவெளி கிடையாது. பள்ளம் தெரிந்தால் அது நுனியுடையது.

மார்ச் 13

தங்கத்திலும் பள்ளம். தட்டியதற்கு முந்தைய கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டேன். அவற்றில் ஒரே அகன்ற மேடு. 0.4 கெல்வின் கருவிக்கு விண்ணப்பம் எழுத ஜூனியரை உட்கார வைத்திருக்கிறேன்.