உருகிக்கு மேல் சுற்றிய செம்பு இழை

ஐப்பசி பிறந்து இரண்டாவது இடி மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில், கல்லடியில் இருக்கும் மாமி தொலைபேசியில் அழைத்தார். "மனே, ராவு இடி இடிச்ச நேரம் ரீவி வயரக் கழட்ட மறந்து போனன். இப்ப சிவப்பு லைட்டும் எரியுதில்ல, ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போ" என்றார். அது 21 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி. மாமா இருந்த காலத்தில் வாங்கியது என்பதால் அதை மாற்றுவதற்கு மாமிக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

சிவப்பு விளக்கும் எரியவில்லை என்ற ஒரு சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அந்த விளக்கு எரிந்து படம் வராவிட்டால் பழுது எங்கெங்கோ இருக்கலாம். விளக்கே எரியாவிட்டால் பெரும்பாலும் மின்சாரம் உள்ளே போகும் வழியில்தான் ஏதோ அறுந்திருக்கிறது. சுவர்ச் செருகியில் மேசை விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. வயரை மல்டிமீட்டரால் சோதித்தேன், அதிலும் குறையில்லை. பிறகுதான் பின்மூடியின் திருகாணிகளில் கை வைத்தேன்.

மூடியைத் திறப்பவர்கள் ஒன்றை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஆடலோட்டம் ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோட்கள் வழியாக நேரோட்டமாக மாறும்போது, அதைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் சேர்கிறது. பழுதடைந்த பெட்டியில் அது வடிவதற்கு வழி இல்லாமல் நெடுநேரம் அப்படியே நிற்கக்கூடும். அதன் இரு முனைகளிலும் வயர் பிடித்த ஒரு மின்குமிழைத் தொட வைத்து வடித்துவிட்டு, மீட்டர் ஓரிரு வோல்ட்டுக்குக் கீழ் காட்டுகிறதா என்று பார்த்த பின்னரே நான் பலகையைத் தொடுவேன். படக்குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பியோடு ஒட்டியிருக்கும் தடித்த வயரில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஓடும். அதன் பக்கம் விரல் போகக் கூடாது. இந்த வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

மின்சார வயர் பலகையில் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மின்னோட்டம் அளவு மீறினால் தானே உருகி அறுந்து மற்றவற்றைக் காக்கும் உருகி (ஃபியூஸ்) இருந்தது. 5 மில்லிமீற்றர் தடிப்பும் 20 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாய் அது. குனிந்து பார்த்த எனக்கு மனம் கனத்தது. குழாயின் வெளிப்புறத்தில், இரண்டு உலோகத் தொப்பிகளையும் இணைத்து, வயரிலிருந்து உரித்தெடுத்த செம்பு இழை ஒன்றை எவரோ முன்பு சுற்றிவிட்டிருந்தார்கள். இழையின் நடுப்பகுதி ஆவியாகிப் போயிருந்தது. மிஞ்சிய இரு நுனிகளிலும் கடுகை விடச் சிறிய செம்பு மணிகள் திரண்டிருந்தன. கீழே பலகையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. ஆனால் கண்ணாடியின் உள்ளே பார்த்தால் புகையில்லை, கறுப்பில்லை. கம்பி நடுவில் சுத்தமாக அறுந்து, இரண்டு துண்டுகளும் சற்றே தொங்கின.

கண்ணாடிக்குள் கம்பி இப்படிச் சுத்தமாக அறுந்திருந்தால், அது பெரும்பாலும் பல ஆண்டுகளாகச் சூடேறியும் ஆறியும் களைத்துப்போனது, அல்லது அளவை மீறிய மின்னோட்டம் சற்றுநேரம் ஓடியதால் உருகியது. கண்ணாடி முழுவதும் கறுத்து, அல்லது உட்புறம் வெள்ளி பூசியதுபோல் மின்னினால், உள்ளே எங்கோ நேரடிக் குறுக்குச் சுற்று (ஷார்ட்) ஏற்பட்டு, கம்பி கணத்தில் வெடித்திருக்கிறது என்று பொருள். ஆகவே மாமியின் பெட்டியில் உருகி முதன்முறை போனபோது பெரிய பழுது எதுவும் இருந்திருக்காது. அன்றைக்குச் சில ரூபாய்க்குப் புதிய உருகி ஒன்று போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகச் சுற்றிய 0.2 மில்லிமீற்றர் இழை உருகுவதற்கு ஏறத்தாழ 7 அம்பியர் வேண்டும். அது உருகும்போது எழும் தீப்பொறியை அடக்கக் கண்ணாடியும் கிடையாது. மரமும் துணியும் தூசியும் உள்ள வீட்டில், ஆட்கள் உறங்கும் அறைக்கு அடுத்த அறையில், அப்படியொரு பெட்டி இருந்தது என்பதை என்னால் இலகுவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பழைய உருகியின் தொப்பியில் "டி 3.15 ஏ 250 வி" (T 3.15A 250V) என்று பொறித்திருந்தது. 3.15 அம்பியரை மின்னோட்டம் தொட்டதும் அது அறுந்துவிடாது. சர்வதேச நியமப்படி, ஒன்றரை மடங்கு ஓடினாலும் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், 2.1 மடங்கு ஓடினால் இரண்டு நிமிடத்துக்குள் அறுந்தாக வேண்டும். எண்ணுக்கு முன்னால் நிற்கும் "டி" என்ற எழுத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது தாமதமாக உருகும் வகையைக் குறிக்கிறது. பத்து மடங்கு மின்னோட்டத்தை, வேகமாக உருகும் "எஃப்" (F) வகை 20 மில்லிசெக்கனுக்கு மேல் பொறுக்காது. "டி" வகை அதையும் தாண்டிச் சற்றுப் பொறுக்கும். படக்குழாய்ப் பெட்டியைப் போட்டவுடன் "ம்ம்ம்" என்று ஓர் அதிர்வு கேட்குமே, அது திரையைச் சுற்றியுள்ள சுருள் காந்தத்தன்மையை நீக்கும் ஓசை. அந்தக் கணத்தில் பெட்டி வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அங்கே வேக உருகியைப் போட்டால், பழுதே இல்லாத பெட்டியிலும் அது போய்க்கொண்டிருக்கும். பட்டினத்துக் கடையில் தம்பி முதலில் எடுத்துத் தந்தது "எஃப்" வகைதான். எழுத்தைக் காட்டிக் கேட்டதும் பெட்டியைக் கிளறி "டி" வகையில் இரண்டு எடுத்துத் தந்தார்.

உருகி கைக்கு வந்ததும் உடனே பொருத்தவில்லை. செம்பு இழையையே ஆவியாக்கிய காரணம் இன்னும் உள்ளே இருந்தது. உருகிக்கு அடுத்து, நீல நிறத்தில் வட்டத் தட்டுப் போன்ற வரிஸ்டர் நின்றது. மின்னழுத்தம் அளவு கடந்து எழும்போது தன்னைக் கொடுத்து மற்றவற்றைக் காக்கும் உறுப்பு அது. அதன் விளிம்பு வெடித்துப் பிளந்திருந்தது. கழற்றிவிட்டு அளந்தபோதும் மீட்டர் விடாமல் ஒலித்தது, அதாவது அதற்குள் குறுக்குச் சுற்று. அடுத்திருந்த நான்கு டயோட்களையும் ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கி அளந்தேன். மூன்று, ஒரு திசையில் 0.5 வோல்ட் அளவும் மறு திசையில் ஒன்றுமில்லாமலும் காட்டின. நான்காவது இரு திசையிலும் பூச்சியம் காட்டியது, அதுவும் போய்விட்டது. அதற்கப்பால் இருந்த மின்வழங்கல் சில்லு தப்பியிருந்தது, மாமியின் நல்ல காலம்.

வரிஸ்டரையும் டயோட்டையும் அதே எண்ணில் மாற்றிப் பற்றாசு வைத்து, கரியைச் சுரண்டித் துடைத்தேன். உருகியைப் பிடிக்கும் கவ்விகள் பச்சை பூத்திருந்தன. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடியில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பிடி தளர்ந்த கவ்வி சூடேறும்; அந்தச் சூடே உருகியைக் களைக்கச் செய்யும். முதல் உருகி போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். மெல்லிய அரத்தாளால் தேய்த்து, குறட்டால் சற்று நெருக்கி, புதிய உருகியை அழுத்தினேன்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் மின்குமிழ் ஒன்றைத் தொடரில், அதாவது மின்சாரம் அதன் வழியாகவே பெட்டிக்குப் போகும்படி, இணைத்தேன். குறுக்குச் சுற்று மிஞ்சியிருந்தால் குமிழ் முழு ஒளியோடு எரிந்துகொண்டே இருக்கும், பெட்டிக்கு அரை அம்பியர்கூடப் போகாது. குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. சிவப்பு விளக்கு வந்தது. பிறகு குமிழை நீக்கி நேராகக் கொடுத்தேன். "ம்ம்ம்" என்ற அதிர்வு கேட்டது, குசினியிலிருந்த மாமி அந்த ஓசைக்கே வெளியே வந்துவிட்டார்.

மிஞ்சிய ஓர் உருகியைச் சிறு பொலித்தீன் பையில் இட்டு, பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டினேன். பக்கத்தில் ஒரு தாளில் "டி 3.15 ஏ 250 வி, வேறெதுவும் போட வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு மூடியைப் பூட்டினேன்.