அப்டேட் மேல் விழும் பழி

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸுக்கு அப்டேட் வெளியாகும். நம் நேரப்படி இரவு பத்தரை, அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் பதினொன்றரை. புதன்கிழமை ஊரில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அதை இறக்கிக்கொள்ளும். வியாழன், வெள்ளியில் என் போன் அடிக்கத் தொடங்கும். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்பதால் அந்த இரண்டு நாளும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

"அண்ணாச்சி, நேத்து அப்டேட் ஆச்சு. இன்னைக்கு வாட்ஸ்அப் திறக்கவே மாட்டேங்கு. ஜூம்ல எல்லாரும் சிலையா நிக்காங்க. பழையபடி ஆக்கிருங்க. இனிமே அப்டேட்டே வராம பண்ணிருங்க."

பழையபடி ஆக்கப் பார்ப்பேன். அப்டேட்டே வராமல் பண்ண மாட்டேன். அதையே ஒரு சேவையாகச் செய்து காசு வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், வாடிக்கையாளருக்கும் அதுதான் பிடிக்கிறது. ஆனால் மெசேஜும் வீடியோ காலும் இழுக்கிறது என்று வரும் மெஷின்களைத் திறந்து பார்த்தால், அப்டேட் கெடுத்த மெஷின் குறைவு. முன்பே இருந்த ஒரு குறை அன்றைக்கு வெளியே வந்திருக்கும். இல்லையென்றால் அப்டேட்டின் வேலை பாதியில் நிற்கும். அதுவும் இல்லையென்றால் அப்டேட்டுக்கு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று அதே வாரத்தில் நடந்திருக்கும்.

பாதியில் நிற்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன், நம் ஊரில் அதுதான் அதிகம்.

டவுனில் ரதவீதியை ஒட்டி ஒரு ஆடிட்டர் அலுவலகம். கடைக்காரர்கள் பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், இங்கே கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பதிவார்கள். மாதா மாதம் போடும் ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர் 3பியைத் தாக்கல் செய்ய 20ஆம் தேதி கடைசி. அதற்கு முந்தைய வாரத்தில்தான் அப்டேட் வந்து இறங்கியிருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப்பைத் தட்டினால் அது திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்த வேலை மெஷினை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு சும்மா இருந்தது. ரேமும் பரவாயில்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஏறி நின்றுகொண்டு இறங்கவே இல்லை. டிஸ்க் என்ற தலைப்பைத் தட்டி வரிசைப்படுத்தினால் மேலே மூன்று பேர்: விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், சர்ச் இண்டெக்ஸர்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டில் சுவர் காய்ந்த பிறகுதான் பாதி வேலையே இருக்கும், பரணில் இருந்து இறக்கியதை எல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும். அப்டேட்டும் அப்படித்தான். "முடிந்தது, ரீஸ்டார்ட் செய்தாயிற்று" என்று திரையில் வந்த பிறகு பழைய கோப்புகளைக் கழிக்க வேண்டும், மாறிய கோப்புகளை ஒருமுறை வைரஸ் பார்க்க வேண்டும், தேடல் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அந்த மூன்று பேரும் செய்துகொண்டிருந்தது இதைத்தான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் இருந்தால் இதெல்லாம் நடப்பதே தெரியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஊசி இடம் இடமாக நகர்ந்துதான் படிக்கும், சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு நூறு சொச்சம் எடுத்தால் பெரிது. அதே ஒரு நொடியில் சாதாரண எஸ்எஸ்டி பல்லாயிரம் எடுத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் வீட்டு வேலை நடக்கும் நேரத்தில் வாட்ஸ்அப்பும் ஒரு பிடிஎஃப் கேட்டால், அதுவும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

சரி, இது ஒரு ராத்திரியில் முடிந்திருக்க வேண்டுமே, ஏன் நாள்கணக்கில் இழுக்கிறது? அங்கே டைப் செய்யும் பெண்ணிடம் சாயங்காலம் போகும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"மெயினை அணைச்சிட்டுத்தான் போவோம் அண்ணாச்சி. இடி மின்னல் காலம்லா."

விஷயம் அங்கேதான் இருந்தது. இந்த வேலைகளில் பலவற்றை விண்டோஸ் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்யும். ஆள் வந்து மவுஸைத் தொட்டால் ஒதுங்கிக்கொள்ளும். இங்கே ஆள் இல்லாத நேரம் என்று ஒன்றே கிடையாது. காலையில் ஸ்விட்ச் போட்டதும் வேலை, மதியச் சாப்பாட்டுக்கு ஷட் டவுன், ராத்திரி சுவர் ஸ்விட்சே ஆஃப். நேற்று விட்ட இடத்தில் இன்று காலை மறுபடி தொடங்கும், சரியாக நீங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் நேரத்தில். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் ஊரில் மெயினை அணைக்காதே என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. வானம் வெளுத்திருக்கும் ஒரு ராத்திரியாகப் பார்த்து, ஸ்லீப் போகாதபடி அமைத்துவிட்டு மானிட்டரை மட்டும் அணைத்துப் போகச் சொன்னேன். மறுநாள் காலையில் டிஸ்க் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது. 20ஆம் தேதி கழிந்ததும் எஸ்எஸ்டி மாற்றினோம்.

மெயினை அணைப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. மதர்போர்டில் சிஆர் 2032 என்று ஒரு பட்டன் செல் இருக்கும். கரண்ட் போன பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தினம் சுவர் ஸ்விட்சை அணைத்தால் செல் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் காலையில் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண்விழிக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களை நம்பாது, வாட்ஸ்அப்பும் இணையாது. அது அப்டேட் வாரத்தில் நடந்துவிட்டால் பழி யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில பத்து ரூபாய் செல்லோடு முடிகிற விஷயம்.

அடுத்து சமாதானபுரம் பக்கம் ஒரு டீச்சர். சாயங்காலம் ஆன்லைனில் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறவர். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்ததும், மகன் லேப்டாப்பை விண்டோஸ் 11க்கு ஏற்றிக்கொடுத்திருக்கிறான். அன்றிலிருந்து வகுப்பில் வீடியோ தத்தித் தத்திப் போகிறது, ஃபேன் கத்துகிறது, மடியில் வைக்க முடியாத சூடு. ஃபைபர் இணைப்பு, ஸ்பீட் டெஸ்ட்டில் குறையே இல்லை. பலர் சேரும் வகுப்பில்கூட ஜூம் நல்ல தரமான 720பி படத்துக்குக் கேட்பதே மேலே போக 2.6, கீழே வர 1.8 எம்பிபிஎஸ்தான். ஆக, நெட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை.

நான் பையைத் திறப்பதற்கு முன்பே டீச்சர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியல தம்பி, கண்ணு கூசுது."

எனக்கு அது போதும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்தால், இன்டெல் என்று இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப்புக்கு உரிய டிரைவர், அதாவது அந்தச் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், இல்லாதபோது திரை இருட்டாகிவிடக் கூடாதே என்று விண்டோஸ் போட்டுக்கொள்ளும் பொது டிரைவர் அது. படம் தெரியும், அவ்வளவுதான். பிரைட்னஸ் நகராது. வீடியோ காலில் வருகிற படம் சுருக்கப்பட்டு வருகிறது, போகிற படம் சுருக்கப்பட்டுப் போகிறது. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே தனிப் பகுதி உண்டு. டிரைவர் இல்லாவிட்டால் அந்தப் பகுதி சும்மா கிடக்க, சிபியு ஒண்டியாக அத்தனை பிள்ளைகளின் முகத்தையும் விரித்துக்கொண்டிருக்கும். பின்னணியை மங்கலாக்கும் வசதியை வேறு டீச்சர் போட்டு வைத்திருந்தார், பின்னால் துணி காயப்போட்டிருப்பது தெரியக் கூடாது என்று. அதுவும் சிபியு தலையில்தான்.

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கே உரிய கிராஃபிக்ஸ் டிரைவரை எடுத்துப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். டிரைவரைத் தேடித் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருள்களை நான் தொடுவதில்லை, பாதிக்கு மேல் விளம்பரக் குப்பை. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸ் சிப்பின் வேலையைக் காட்டும் ஜிபியு பக்கத்தைத் திறந்து வைத்து, ஒரு வீடியோவை ஓடவிட்டு, வீடியோ டிகோட் என்ற கோடு எழுவதை டீச்சருக்குக் காட்டினேன். பிசிக்ஸ் டீச்சர் அல்லவா, கோடு எழுந்தால் போதும், விளக்கம் தேவைப்படவில்லை. பத்து நாளைக்குள் என்றால் விண்டோஸ் 10க்கே திரும்பிவிட வழி உண்டு, மகனும் அதைத்தான் யோசித்திருக்கிறான். ஒரு டிரைவருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வீடியோ காலில் தடங்கல் என்றால் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: உங்களுக்கு அவங்க கட்டாகுதாங்களா, அவங்களுக்கு நீங்க கட்டாகுதீங்களா? கடையம் பக்கத்தில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு எல்லார் குரலும் தெளிவாகக் கேட்டது, அவன் பேசுவதுதான் மற்றவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்டது. அப்படியென்றால் மேலே ஏறும் பாதை அடைத்திருக்கிறது. அப்டேட்டுக்குப் பின் திரையில் வந்த கேள்விக்கு எல்லாம் 'அடுத்து, அடுத்து' என்று தட்டியதில், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவ் பேக்கப் இயங்கத் தொடங்கியிருக்கிறது. போன் ஹாட்ஸ்பாட் இணைப்பில், அக்கா கல்யாணப் போட்டோ அத்தனையும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அலுவலக நேரத்தில் அந்த பேக்கப்பை நிறுத்தி வைத்ததும் குரல் தெளிந்தது.

மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் வந்தது இன்னொரு வகை. பாய் போனில் சொன்னார், அப்டேட் ஆனதில் இருந்து கம்ப்யூட்டரில் துபாய்க்கு வாட்ஸ்அப் கால் போகவில்லை, மெசேஜ் மட்டும் போகிறது. "அதுக்கு முந்தி போயிருக்கா பாய்?" என்றேன். முந்தி போனில்தான் பேசுவார்களாம், போட்டிம் செயலியில். அப்டேட்டுக்கு அடுத்த நாள்தான் பேரன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைப் போட்டுக்கொடுத்திருக்கிறான். அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், காலுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் வளைகுடா வீடுகளில் போட்டிம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் அதையே போடச் சொல்லிவிட்டு போனை வைத்தேன், வீட்டுக்குப் போகவே இல்லை.

நியாயமாகப் பேசினால், சில சமயம் மாறுவது விண்டோஸ் இல்லை, செயலி. வாட்ஸ்அப்பின் விண்டோஸ் செயலி 2025 கடைசியில் வெப்வியூவுக்கு மாறியது, அதாவது வாட்ஸ்அப் வெப்பைத்தான் தனி ஜன்னலில் காட்டுகிறது. முன்பைவிட ரேம் கூடுதலாகப் பிடிக்கும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம் போதும் என்று தேவைப் பட்டியலில் இருக்கிறது, ஓடவும் செய்யும். அதன் மேல் குரோம், கணக்கு எழுதும் டாலி, வாட்ஸ்அப் மூன்றையும் திறந்தால் ஓடாது. இன்னொரு 4 ஜிபி போடுங்கள், முடியாது என்றால் குரோமிலேயே ஒரு டேபில் வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அப்டேட்டை நிறுத்தச் சொல்கிறவர்களிடம் வானாக்ரை என்ற வைரஸின் கதையைச் சொல்வது வழக்கம். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு அடைப்பு அதே வருடம் மார்ச்சிலேயே அப்டேட்டாக வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆடிட்டர் சாருக்கு இது உடனே பிடிபட்டது, கையில் இருப்பதெல்லாம் அடுத்தவர் கணக்கு அல்லவா. அவருக்கு நிறுத்தம் தேவையில்லை, ஒத்திவைப்பு போதும். விண்டோஸ் 11இல் ஐந்து வாரம் வரை தள்ளி வைக்கலாம். 20ஆம் தேதி கழியட்டும் என்று அமைத்துக்கொடுத்தேன்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம், ஏதாவது பொருள் மாற்றினால்தான் காசு கேட்க முடிகிறது. எஸ்எஸ்டி போட்டதற்கு மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, "ஒரு ராத்திரி அணைக்காம விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தால், "ஒண்ணுமே செய்யலையே" என்று முகம் போகும். அன்றைக்கு அலுவலகத்தில் அந்தப் பெண்ணும் அப்படித்தான் பார்த்தாள். ஆடிட்டர் சார்தான் மேஜையைத் திறந்து ரூபாயை எடுத்தார்.

"வாங்கும்வே. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவான்னு எங்கிட்டயும்தான் கேக்காங்க."