திங்கட்கிழமை காலை ஒன்பதரை

நான் பார்த்துக்கொண்ட மென்பொருளின் பெயர் கிளைகளில் ஒருவருக்கும் தெரியாது. கணினி மெதுவாக ஓடினால் மட்டும், "ஹெட் ஆபீஸிலிருந்து எதையோ அனுப்புகிறார்கள்" என்று அதைத் திட்டுவார்கள். மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜர்; எங்கள் வாயில் எஸ்சிசிஎம். ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களான பேட்ச்களைப் போடுவது, மென்பொருள் அனுப்புவது, எந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பது எல்லாம் அதன் வேலை. ஒரு நிதி நிறுவனத்தின் சென்னைத் தலைமையகத்தில், 2013இல், அதை நிறுவும் பொறுப்பு எங்கள் மூன்று பேர் தலையில் விழுந்தது. 180 கிளைகள், சுமார் 6,500 கணினிகள்.

நிறுவித் தர வந்தவர்கள் ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள். உச்சியில் எல்லாவற்றையும் மேற்பார்க்கும் சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷன் சைட், அதன் கீழே சென்னை, மதுரை, கோவை என்று, கணினிகளை நேரடியாக நிர்வகிக்கும் மூன்று ப்ரைமரி சைட்கள். பார்ப்பதற்குக் கோபுரம் போல இருந்தது. எங்கள் மூத்தவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். "ஒரே ப்ரைமரி சைட், எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அதே சர்வரில் இருந்தாலும், 50,000 கணினிகளைத் தாங்கும் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது. நமக்கு எதற்குக் கோபுரம்?" என்றார். பின்னால் தேவைப்பட்டால் உச்சியைச் சேர்க்க முடியாதே என்றார்கள் வந்தவர்கள். 2012 பதிப்பு வெளிவந்தபோது அது உண்மைதான். ஆனால் 2013 ஜனவரியில் வந்த முதல் சர்வீஸ் பேக்கில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. மூத்தவர் அதைப் படித்திருந்தார். பேனாவை எடுத்து உச்சியைக் குறுக்காக அடித்தார். விருந்தாளிகள் முன்னால் இப்படிச் செய்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கோபுரத்தைக் கட்டியவர்கள் பலர் அதை இறக்க வழியில்லாமல் வருடக்கணக்கில் சுமந்தார்கள். உச்சியைக் கழற்ற மைக்ரோசாஃப்ட் முறையான வழி கொடுத்தது 2020இல், 2002 என்ற பதிப்பில்.

கொள்ளளவுக் கணக்கைப் போட்டவன் நான். கணினிகள் வந்து பேசும் வாசலுக்கு மேனேஜ்மென்ட் பாயின்ட் என்று பெயர்; ஒன்று 25,000 கணினிகளுக்குப் போதும். எங்களிடம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 கோர், 32 ஜிபி நினைவகம், ஒரே விர்ச்சுவல் சர்வர். எக்செல் தாளில் ஒவ்வொரு கட்டமும் பச்சை. மேலாளரிடம் காட்டும்போது, ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லியும்விட்டேன்.

ஐந்து வாரம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலைகளில், நாங்கள் எஸ்சிசிஎம்மை இயக்கும் திரையான கன்சோல் திறக்கவே மூன்று நான்கு நிமிடம் எடுத்தது. வெள்ளிக்கிழமை அனுப்பிய பேட்ச் எத்தனை கணினிகளில் ஏறியது என்று கேட்டால், புதன்கிழமைதான் பதில் கிடைத்தது. சர்வரின் ப்ராசஸர் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. எனவே சர்வர் நன்றாக இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது திங்கட்கிழமை மூத்தவர் என் பின்னால் வந்து நின்று, "இன்பாக்ஸைத் திறந்து பார்" என்றார்.

கிளைக் கணினிகள் அனுப்பும் கணக்கெடுப்பு ஒவ்வொன்றும் ஒரு சிறு கோப்பாக சர்வரின் இன்பாக்ஸ் என்ற ஃபோல்டருக்குள் விழும். ஒரு சேவை அவற்றை எடுத்து டேட்டாபேஸில் எழுதும். எழுதியதும் கோப்பு போய்விடும். நல்ல நாளில் அந்த ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். அன்று அதில் 4,000 கோப்புகளுக்கு மேல் கிடந்தன. ரேஷன் கடையில் சர்க்கரை வந்த நாள் மாதிரி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை நீண்டது.

காரணம் என் நல்லெண்ணம். வேலை நேரத்தில் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று, கணக்கெடுப்பை ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு வைத்திருந்தேன். எஸ்சிசிஎம்மில் இதற்கு இரண்டு வகை அட்டவணை உண்டு. ஏழு நாளுக்கு ஒருமுறை என்று மட்டும் சொல்லிவிட்டால், ஒவ்வொரு கணினியும் தன் போக்கில் வெவ்வேறு நேரத்தில் அதைச் செய்யும். இன்ன கிழமை, இன்ன மணி என்று சொன்னால், எல்லாம் அந்த மணிக்கே செய்யும். அப்போது அணைந்திருந்தால் அடுத்து எழுந்தவுடன் செய்யும். எங்கள் கிளைகளில் சனிக்கிழமை மாலை கணினிகளை அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார்கள். அணைக்கச் சொல்லிச் சுற்றறிக்கையே உண்டு, மின்சாரச் சிக்கனம். ஆக ஞாயிறு 2 மணிக்கு விழித்திருந்தது சர்வர் ஒன்றுதான். திங்கள் ஒன்பதரைக்கு 180 கிளைகளிலும் விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, கணினியைப் போடுவார்கள். எல்லாம் ஒரே மூச்சில் தங்கள் கணக்கை அனுப்பும்.

என் தாளில் எத்தனை கணினிகள் என்ற கட்டம் இருந்தது. அவை எப்போது எழும் என்ற கட்டம் இல்லை.

தோண்டத் தோண்ட வேறு சிலவும் வந்தன. எஸ்க்யூஎல் சர்வருக்கு நினைவகத்தில் உச்சவரம்பு வைக்க மறந்திருந்தேன். வரம்பு வைக்காவிட்டால் அது கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளும்; அதே சர்வரில் ஓடிய எஸ்சிசிஎம் மூச்சுக்குத் தவித்தது. ஆன்டிவைரஸ் இன்பாக்ஸில் விழும் ஒவ்வொரு கோப்பையும் வாசலிலேயே நிறுத்திச் சோதித்தது. எல்லாவற்றையும்விட மோசம், டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே சேமிப்பகத்தில் வேறு துறையின் முழு பேக்கப் ஞாயிறு இரவு தொடங்கி திங்கள் காலை பத்து மணி வரை ஓடியது. டிஸ்க்கில் ஒவ்வொரு முறை எழுதவும் 70, 80 மில்லி நொடி. 20ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டிய இடம் அது. ப்ராசஸர் சும்மா இருந்தது ஆரோக்கியத்தால் அல்ல, டிஸ்க்குக்காகக் காத்திருந்ததால்.

அட்டவணையை மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. எஸ்க்யூஎல்லுக்கு 20 ஜிபி என்று வரம்பு வைத்தேன், இன்பாக்ஸுக்கு ஆன்டிவைரஸிலிருந்து விலக்கு வாங்கினேன். தனி டிஸ்க் வாங்கத்தான் இரண்டு மாதமும் ஏழு கூட்டங்களும் ஆயின.

கிளைகளைச் சென்னையோடு இணைக்கும் லைன் தனிக் கதை. பல ஊர்களில் 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். 600 எம்பி மென்பொருள் ஒரு கணினிக்கு இறங்க, முழு லைனையும் கொடுத்தாலும் 40 நிமிடம். 12 கணினிகள் உள்ள சிறு கிளையில் எல்லாம் தனித்தனியாகச் சென்னையிலிருந்து இழுத்தால் எட்டு மணி நேரம். கவுண்டரில் நகையோடு நிற்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சாதாரண விண்டோஸ் 7 கணினியை டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் ஆக்கினோம். ஒருமுறை இரவில் அங்கே இறங்கிவிட்டால், மற்றவை பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு சைட்டுக்கு 250 வரை வைக்கலாம். எங்களுக்கு 180 போதும். இரவில் அதை மட்டும் அணைக்கக் கூடாது. "அணைக்காதீர்கள்" என்று தாள் ஒட்டி அனுப்பினோம். ஆயுத பூஜை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் அந்தக் கணினிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சீரியல் விளக்குக்கு இடம் வேண்டும் என்று அதன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்று நாள் தேடினேன். "நீங்கள் அணைக்கக் கூடாது என்றுதானே சொன்னீர்கள் தம்பி, நாங்கள் அணைக்கவில்லையே" என்றார் கிளை மேலாளர்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை இரவு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பற்றிய செய்தி வந்தது. பிரிட்டனின் மருத்துவமனைகள் முடங்கிவிட்டன என்றார்கள். அது நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்ச், எம்எஸ்17-010, மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. நாங்களும் அனுப்பியிருந்தோம். சனிக்கிழமை காலை அறிக்கை எடுத்தால், 1,400 கணினிகளுக்கு இன்னும் ஏறவில்லை. இரண்டாவது சனி, கிளைகள் மூடல். அணைந்திருக்கும் கணினிக்கு ஆபத்தும் இல்லை, பேட்சும் ஏறாது. இரண்டும் திங்கள் ஒன்பதரைக்குச் சேர்ந்து எழும்.

மூத்தவர் தொலைபேசிப் பட்டியலை எடுத்தார். ஞாயிறு காலை கிளை மேலாளர்கள் வந்து திறக்க வேண்டும், ஆனால் எல்லோரும் சேர்ந்து அல்ல. திருச்சி, தஞ்சாவூர் பத்து மணிக்கு. மதுரை பதினொன்றரைக்கு. கோவை, ஈரோடு சாப்பாட்டுக்குப் பிறகு. பேட்ச் மார்ச்சிலேயே ஒவ்வொரு கிளையின் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்டிலும் இறங்கிக் கிடந்ததால் லைன் தாங்கியது. நான் இன்பாக்ஸ் ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய சில பழைய கணினிகளை நெட்வொர்க்கிலிருந்தே கழற்றச் சொன்னோம். அவற்றுக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரப் பேட்ச் கொடுத்திருந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பாக்கி 11. இரவு ஒன்பதுக்கு ஒன்று. அறந்தாங்கிக் கிளையில் அந்த எண்ணுள்ள கணினி எங்கே என்று கேட்டேன். மேலாளர் அம்மா கொஞ்ச நேரம் தேடிவிட்டு வந்து, "சார், இது பிப்ரவரியிலேயே ரிப்பேருக்கு உங்கள் ஆபீஸுக்குத்தானே அனுப்பினோம்" என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். என் மேசைக்குப் பின்னால், அட்டைப்பெட்டியில், பிரிக்காமல் இருந்தது.