தாராவியிலிருந்து கிரேடு 3 வயலின் வரை

மகளை வயலின் தேர்வு எழுத வைப்பதற்குள் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன், சயான், தாராவிப் பக்கம் இருக்கும் இன்னொரு அம்மாவுக்காவது உதவும்.

தென் மும்பையில் ஒரு கிளாஸில் சேர்த்தோம். ஃபாரத்தில் தாராவி 90 ஃபீட் ரோடு என்ற முகவரியைப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹாபி பேட்சில் போட்டார்கள். அந்த பேட்ச் பிள்ளைகளைத் தேர்வுக்கே அனுப்புவதில்லை என்பது ஒரு வருடம் கழித்து இன்னொரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நேரே போய்க் கேட்டேன். உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். அது என் பாடு, நீங்கள் பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள், அப்புறம் பேட்ச் மாறியது. சேரும் அன்றைக்கே இதைக் கேட்டுவிடுங்கள்.

அவள் எழுதியது லண்டனைச் சேர்ந்த ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடு 3, நேரில் வாசிக்கும் தேர்வு. மொத்தம் 150, பாஸுக்கு 100, மெரிட்டுக்கு 120. மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேல் என்ற ஸ்வர வரிசைகளுக்கு 21, முன்பின் பார்க்காத நோட்டேஷனை, அதாவது எழுதி வைத்த இசைக் குறிப்பை, அரை நிமிடம் பார்த்துவிட்டு வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுத் திருப்பிப் பாடுவது போன்றவற்றுக்கு 18. சர்ச் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தவள் என்பதால் காது விஷயம் அவளுக்குச் சுலபம், ஆனால் வீட்டில் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு அந்த அரை நிமிடம் பெரிய மலை.

பியானோ துணைக்கு ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும் என்பது தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். எங்கள் சர்ச்சில் கீபோர்ட் வாசிக்கும் தம்பி, வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வந்து அவளோடு பழகினான், ஒரு பைசா வாங்கவில்லை.

118 வந்தது. பார்த்து வாசிப்பதில் 13, காதில் 17. மெரிட்டுக்கு இரண்டே மார்க் குறைவு.

ஆர்கெஸ்ட்ராவில் என்னை எடுப்பார்களா அம்மா என்று கேட்கிறாள். அமெரிக்காவின் பாஸ்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் 1952லேயே, வாசிப்பவர் யார் என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்து ஆள் தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள் என்று படித்தேன். நல்ல முறைதான். ஆனால் அந்தத் திரை வரை போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே எங்கள் முகவரியை எத்தனை பேர் பார்க்கிறார்கள்!

இப்போது முக்கால் சைஸ் வயலினுக்கு மாறிவிட்டாள். பழைய அரை சைஸ் கீழ்வீட்டுப் பையனிடம் இருக்கிறது, அவனை எந்த பேட்சில் போடுகிறார்கள் என்று கேட்க நானும் கூடவே போகிறேன்.