அப்பா தண்ணீர் ஊற்றிய வழி

தொண்ணூறு வயது கடந்து வாழ்ந்த எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்தபின், அண்ணன் தலைத்திவசம் கொடுத்துத் துடக்கு நீங்கிய பிறகு வந்த முதல் தைப்பூசத்தில், ஒரு மண்டலம் விரதமிருந்து அவர் நினைவாகப் பால்குடம் எடுத்தேன். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடியும் அந்த வழி நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அப்பாவின் சிங்கப்பூர் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வழியோடு சேர்ந்தே கிடக்கிறது.

மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அப்பா, 1951இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த முகவரியை மட்டும் நம்பி இங்கு வந்து இறங்கினார். வந்த சில நாட்களில் ஹார்பர் போர்டில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. 1964இல் அது துறைமுக ஆணையமாக மாறியபோதும், 1972இல் தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலன் கப்பல் வந்து தோளில் மூட்டை சுமக்கும் காலம் மெல்ல மறையத் தொடங்கியபோதும், அவர் அங்கேயே இருந்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு போர்க்லிப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அதையே ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். எங்கள் நான்கு பேரையும் படிக்க வைத்தார். தெலுக் பிளாங்காவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமைகளில் டிப்போ சாலை ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலுக்குப் போவது அவர் வழக்கம். அலெக்சாண்ட்ரா செங்கற்சூளைத் தொழிலாளர்கள் வழிபட்ட அம்மன், பின்னாளில் இந்த இடத்துக்கு எழுந்தருளியவள். சூளைக்காரர்களின் தாய் என்பதாலேயே அவளிடம் அப்பாவுக்குத் தனி உரிமை உண்டு. தரிசனம் முடிந்ததும் மண்டபத்தில் உட்காரமாட்டார். விளக்குகளை வாங்கிப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். கோயில் வரலாறுகளில் நிலம் கொடுத்தவர், கட்டடம் எழுப்பியவர் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். விளக்குத் துலக்கியவர்களைப் பற்றியும் எங்காவது நான்கு வரி இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை எழுதத் தூண்டியது.

தைப்பூசம் 1968 வரை இங்கு பொது விடுமுறையாக இருந்தது. அதன்பிறகு அந்த நாளுக்காக அப்பா செய்துகொண்ட ஏற்பாட்டை வீட்டில் எல்லாரும் அறிவோம். உடன் வேலை செய்த சீன நண்பர் ஒருவர் தைப்பூசத்தன்று அப்பாவின் ஷிப்டைப் பார்ப்பார். சீனப் புத்தாண்டில் அவருடைய ஷிப்டை அப்பா பார்ப்பார். பேச்சு பெரும்பாலும் கடைத்தெரு மலாயில்தான் நடக்கும். வேலையிலிருந்து இருவரும் ஓய்வு பெறும்வரை அந்த ஒப்பந்தம் ஒருமுறையும் தவறவில்லை. அப்பா மறைந்தபோது அந்த நண்பரின் மகன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்பா காவடி எடுத்ததில்லை. வழியில் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் நிற்பதே அவர் நேர்ந்துகொண்ட தொண்டு. மற்றவர்கள் மோரும் பானகமும் கொடுக்க, அப்பா ஒரு வாளியும் தகரக் குவளையுமாகத் தரையில் குந்தி, வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதங்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். சிறுமியாக நான் அருகில் நின்று, அலகு குத்தியவர்களின் முகங்களை அச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, "மொகத்தப் பாக்காத தாயி, காலப் பாத்து ஊத்து" என்றார். விரதத்தில் ஒன்றி வருகிறவரின் கவனத்தைக் கலைக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். குதிகாலில் தொடங்கி விரல்கள்வரை நனையும்படி நிதானமாக ஊற்றுவார். அவர் வலக்கை மணிக்கட்டில், சாக்குமூட்டைக் கொக்கி கிழித்த பழைய தழும்பு ஒன்று, ஈரம் பட்டதும் வெளுத்துத் தெரியும்.

இம்முறை அதிகாலை மூன்று மணிக்குப் பெருமாள் கோயிலில் வரிசையில் நின்றேன். பாலை நிரப்பிக் குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டித் தலையில் ஏற்றியபோது, அதன் கனத்தைவிட அசையாமல் நடப்பதுதான் கடினம் என்று புரிந்தது. வீரமாகாளியம்மன் கோயிலைக் கடக்கையில், ஜப்பானியர் குண்டு போட்ட நாட்களில் மக்கள் அங்கே தஞ்சம் புகுந்து உயிர் பிழைத்த கதையை, தனக்கு முன்னால் வந்தவர்களிடம் கேட்டு அப்பா எங்களுக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. சற்றுத் தள்ளி இசைக்கு அனுமதித்த இடத்தில் உறுமி முழங்கியது. ஊர்வலத்தில் 1973 முதல் வாத்தியங்களுக்கு இருந்த தடை 2016இல் சில இடங்களில் தளர்ந்தபோது, எண்பதைக் கடந்திருந்த அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குழந்தைபோல் மகிழ்ந்தார். வாத்தியமில்லாத ஆண்டுகளிலும் அவருடைய "அரோகரா" தனியாகக் கேட்கும்.

பெனாங் ரோட்டைக் கடந்து கிளமென்சோ அவென்யூவில் திரும்பும்போது கால்கள் தளர்ந்துவிட்டன. அங்கே யாரோ ஒரு தொண்டூழியர், முகம் நிமிர்ந்து பார்க்காமலே என் பாதங்களில் தண்ணீர் ஊற்றினார். அழுகை வந்தது, குடம் அசையக்கூடாதே என்று அடக்கிக்கொண்டு நடந்தேன்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 1859இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலின் இப்போதைய கட்டடத்துக்கு 1983இல் குடமுழுக்கு நடந்தது. அன்று கும்ப நீர் தலையில் தெளித்ததை அப்பா ஆண்டுதோறும் சொல்வார். சன்னிதியில் பாலைச் செலுத்திவிட்டு நின்ற சில நொடிகளில் எனக்கென்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னேன்.

அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு அண்ணன் இருந்த பந்தலுக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. அலகுக் காவடிகள் வரத் தொடங்கியிருந்தன. அண்ணன் மகன் மோர் கலக்கிக்கொண்டிருந்தான். வாளி காலியாக இருந்தது. குழாயடியில் நிரப்பிக்கொண்டு வந்து குந்தினேன்.